முப்பத்தொரு தும்மல்

வேதாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே ஒரு பாராட்டினால்தான். எங்கள் சிட்லபாக்கம் தெருச் சங்கத்தின் தலைவர் சத்யநாராயணன் சார், காய்கறி வண்டியருகே அவளை நிறுத்தி, அவள் குரல் கொடுத்த கார்ட்டூன் படத்தைப் பேரனோடு பார்த்ததாகச் சொன்னார். அவளுடைய இங்கிலீஷ் உச்சரிப்பு அசல் வெள்ளைக்காரப் பையன் மாதிரியே இருந்ததாம். வேதா அந்தப் படத்துக்குப் பேசியது தமிழில். அது தெருவுக்கே தெரியும். சார் டிஸ்க்கைப் போட்டிருக்கிறார், அது தன்பாட்டுக்கு இங்கிலீஷில் ஓடியிருக்கிறது, மெனுவுக்குள் போனால் மொழியை மாற்றலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதை மன்னித்துவிடலாம். ஆனால் வேதா, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் பொறுக்கப் போய்விட்டாள்.

நான் முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பேப்பர் பார்த்து ரிடையர் ஆனவள். எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எதை எழுதவில்லை என்று பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். செய்யாத வேலைக்கு வந்த புகழைத் திருத்தாமல் வாங்கிக்கொள்கிறவள் எதையோ மறைக்கிறாள். எதை என்று அன்றைக்கே குடைய ஆரம்பித்துவிட்டது. தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

வேதா எனக்கு எதிர்வீடு. மேற்குத் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். உடம்பு வளர்ந்தது, படிப்பு வளர்ந்தது, குரல் மட்டும் ஒன்பது வயசோடு நின்றுவிட்டது. போனை எடுத்தால், "பாப்பா, அம்மாகிட்ட குடும்மா" என்பார்கள். பாங்கில் போனிலேயே எதையாவது சொல்லி முடிக்கலாம் என்று பார்த்தால், பெரியவர்கள் யாராவது பேசட்டும் என்று வைத்துவிடுவார்கள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் பத்ரி போன் செய்தபோது, "உங்க அக்கா இருக்காங்களா?" என்று அவளிடமே கேட்டாராம். சேலையூரில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மனிதர். அந்த ஒரு போன்காலை இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

டீச்சர் வேலைக்குப் போனாள். பிள்ளைகள் சிரித்ததில் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டாள். பிறகு கூடப் படித்த ஒருத்தி அவளைக் கோடம்பாக்கம் பக்கம் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். அங்கே அந்தக் குரலுக்கு வேலை இருந்தது. காலையில் தயிர்சாத டப்பாவோடு சானடோரியத்தில் ரயில் ஏறுவாள். கூப்பிடும்வரை ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் அணிலாகவோ, குரங்குக் குட்டியாகவோ, பள்ளிக்கூடக் கூட்டத்தில் கத்துகிற பத்துப் பிள்ளைகளில் ஒன்றாகவோ ஆகிவிட்டு வருவாள். யார் யார் வீட்டுக் கைக்குழந்தைக்கோ அவள்தான் அழுதாள். அவளுக்கும் பத்ரிக்கும் பிள்ளை இல்லை. அதை அவர்கள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவளுக்கு முதல்முறையாக ஹீரோ வேஷம் வந்தது. சிண்டு என்று ஒரு பையன். தூசி பட்டால் தும்முவான். தும்மினால் சூறாவளி கிளம்பும். குளியல் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தும்மித் தும்மியே ஊரைக் காப்பாற்றுகிறான். அடிதடி, ரத்தம் எதுவும் கிடையாது, குடும்பத்தோடு பார்க்கலாம். தியேட்டருக்கு இங்கிலீஷில் வந்து போய்விட்டது. தமிழ்க் குரல் வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்கில் மட்டும். ஐந்து நாள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஆறாம் நாள் பத்ரி தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும், "ஹீரோவோட ஹஸ்பெண்ட்" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். தெருப் பிள்ளைகளுக்கு அவள் சிண்டு அக்கா ஆனாள். ஆனால் பிறகு டிஸ்க்கை வாங்கிப் போட்டுப் பார்த்தது தெருவில் சத்யநாராயணன் சார் மட்டும்தான்.

டிஸ்க் வெளிவந்த அன்றே தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பத்ரி அதை வாங்கிவந்தார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மறுநாள் அவளுக்குத் தலைவலி. கல்யாண நாளன்று பார்க்கலாம் என்றாள்; கல்யாண நாளன்று பிளேயர் ரிப்பேர். பிறகு பிளேயரே பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது. தன் குரலைத் தானே கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். பத்ரியும் கலைஞர்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று மரியாதையாக விட்டுவிட்டார். அவர்கள் வீட்டு ஷோகேஸில் பன்னிரண்டு வருஷமாக அந்த டிஸ்க் நிற்கிறது. போகும்போதெல்லாம் நான் பார்ப்பேன். மேலே சுற்றிய பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரியவில்லை.

இந்த மே மாதம் சத்யநாராயணன் சாருக்கு யோசனை வந்தது. லீவில் பிள்ளைகள் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள், சங்கக் கட்டட மொட்டை மாடியில் திரை கட்டி நம்ம வேதா நடித்த படத்தையே போட்டுவிடலாம் என்றார். தெருவில் இன்னும் ஓடுகிற டிவிடி பிளேயர் என் வீட்டில்தான் இருக்கிறது. படம் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்ரி டிஸ்க்கைத் தானே தருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேதா என் வீட்டுக்கு வந்தாள், டிஸ்க்கோடு. உட்காரவில்லை. கத்தரிக்கோல் கேட்டு, பிளாஸ்டிக்கை அவளே வெட்டினாள். வெட்டிக்கொண்டே சொன்னாள். பேசி முடித்து ஒரு வாரம் கழித்து ஸ்டூடியோவிலிருந்து போன் வந்ததாம். படக் கம்பெனிக்கு அவள் குரல் திருப்தியில்லை, வேறு ஒருத்தியை வைத்துப் பேசிப் பார்க்கப் போகிறோம், எதுவானாலும் சொல்கிறோம் என்றார்களாம். பிறகு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. டிஸ்க் அட்டையில் தமிழில் பேசியவர்கள் பெயர் எதுவும் கிடையாது. அதைப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். கேட்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் மைசூர்பாகு கொடுத்தாகிவிட்டது.

"நான் இல்லைன்னு ஆயிட்டா எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் எவ்வளவோ பார்த்தாச்சு. அவர்தான். எல்லார் முன்னாடியும் அவர் என்ன பண்ணுவார்?"

நான் டிஸ்க்கைப் போட்டு, மெனுவுக்குள் போய், தமிழ் என்பதை அழுத்தினேன். இரக்கத்தால்தான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் என் காது துடித்துக்கொண்டிருந்தது. நகரம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சிண்டு வந்தான், வாயைத் திறந்தான்.

வேறு குரல். நல்ல குரல்தான், பொய் சொல்லக்கூடாது. தெளிவான, உருண்டையான குரல். ஆனால் வேதாவின் குரல் இல்லை.

அவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நிறுத்திடுங்க என்றாள். நான் நிறுத்தவில்லை. பாதியில் பேப்பரை மூடி எனக்குப் பழக்கமில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு டிஸ்க்கின் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு போன் செய்து சொல்ல அந்த ஸ்டூடியோக்காரர்களுக்கு என்ன வலித்தது?

கால் மணி நேரம் போயிருக்கும். படத்தில் ஒரு பெண் பாயை உதறினாள், தூசி எழுந்தது, சிண்டுவின் மூக்கு விடைத்தது.

தும்மினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எனக்குத் தெரிந்த தும்மல். மார்கழிக் காலையில் எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது எழுகிற தும்மல். முதலில் ஒரு சின்னக் கீச்சு, பிறகு கதவை அறைந்த மாதிரி ஒரு வெடிப்பு. உலகத்தில் இன்னொருவருக்கு அப்படித் தும்ம வராது. நான் வேதாவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பிறகு அந்தத் தும்மலின் கதையை அவளே சொன்னாள். முதல் நாள் ஸ்டூடியோவில் அவள் தும்மியதெல்லாம் நாடகத் தும்மலாக இருக்கிறது என்றாராம் டைரக்டர். மறுநாள் வாட்ச்மேன் எலியேசரிடம் மூக்குப்பொடி வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். மெழுகுவத்தி அணைக்க ஒரு தும்மல், குடை பறக்க ஒன்று, கூரை பறக்க ஒன்று என்று அளவு அளவாக முப்பத்தொரு தும்மல். மூக்கு வீங்கி, ரயிலில் ஒரு அம்மாள் இடம் விட்டுக் கொடுத்தாராம். இரண்டாவதாக வந்தவள் மூக்குப்பொடிக்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அல்லது இதைவிட நல்ல தும்மல் கிடைக்காது என்று அவர்களே விட்டிருப்பார்கள். யூகம்தான். நாங்கள் படம் முழுக்க உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினோம். பேசுவது, சிரிப்பது, அழுவது எல்லாம் அந்தப் பெண். தும்மல் முப்பத்தொன்றும் வேதா.

எண்ணி முடித்ததும் பழைய பயம் அவள் முகத்தில் திரும்ப வந்தது. நான் ஒரு வழி சொன்னேன். "இங்கிலீஷ்லயே போட்டுடறேன். மெஷின் பழசு, தமிழ் வரலைன்னு சொல்லிக்கறேன். பன்னெண்டு வருஷம் தெரியாதது இனிமே மட்டும் எப்படித் தெரியும்?"

வெளியே குடம் தண்ணீர் வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு போனது. அது தெருக்கோடி தாண்டிய பிறகு கேட்டாள். "அக்கா, அந்தப் பையன் ஊரைக் காப்பாத்தறது பேசியா, தும்மியா?"

"தும்மித்தான்."

"அப்ப தமிழ்லயே போடுங்க. அவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

சனிக்கிழமை சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிறு காலை பத்ரி ரப்பர் குழாயைச் செடிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாயில் தண்ணீர் வரவில்லை. அது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நான் குட்மார்னிங் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் ஆறரைக்கு மொட்டை மாடியில் அறுபது எழுபது பேர். ஹீரோவின் ஹஸ்பெண்டுக்கென்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பத்ரி பின்வரிசையில் தண்ணீர் டேங்க் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். சத்யநாராயணன் சார் மைக்கில் வேதாவைக் கூப்பிட்டார். அவள் போய் அந்த ஒன்பது வயசுக் குரலில் சொன்னாள்.

"இந்தப் படத்துல சிண்டுவாப் பேசறது நான் இல்லை. வேற ஒருத்தங்களை மாத்திட்டாங்க. எனக்கும் முந்தாநாள்தான் தெரியும். தும்மறது மட்டும் நான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. சத்யநாராயணன் சார், அப்படியானால் அன்றைக்குக் கேட்ட இங்கிலீஷ் யாருடையது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பத்ரி கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. அந்த உருண்டைக் குரல் பேசப் பேச, ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். பாய் உதறுகிற காட்சி வந்தது. சிண்டுவின் மூக்கு விடைத்தது. கீச்சும் வெடிப்புமாக அந்தத் தும்மல் ஸ்பீக்கரில் கிளம்பி மாடியை உலுக்கியது.

"நூறு" என்றார் பத்ரி.

வீட்டில் அவள் தும்மினால் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆயுசு நூறு என்று வாழ்த்துவாரே, அதே குரலில். தான் சொன்னது அவருக்கே பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். முன்னால் இருந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். வேதா திரும்பவில்லை. அடுத்த தும்மலில் குடைகள் பறந்தன. "இருநூறு" என்றார் பத்ரி, இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கும்படி. முந்நூறை அவரோடு சேர்ந்து ஏழெட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். ஐந்நூறில் சத்யநாராயணன் சாரும் சேர்ந்துகொண்டார்.

ஆயிரத்து இருநூறு சொல்லும்போது பத்ரி முன்வரிசைக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.