பலராமனுக்குக் கேட்காத விசில்

உழவர்கரைப் பக்கம் டிவி ரிப்பேர் என்றால் எண்பதுகளில் பலராமனைத்தான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் மெக்கானிக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கக்கத்தில் ரெக்சின் பை என்று ஜாதகம் பார்க்க வந்தவர் போல இருப்பார். உட்கார்ந்ததும் டிவியைப் போடச் சொல்லி, புறங்கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். கை மயிர் சிலிர்த்து நின்றால் உள்ளே ஹைவோல்டேஜ் வருகிறது, நிற்காவிட்டால் வரவில்லை. மற்ற மெக்கானிக்குகள் இதற்குக் காதைத்தான் நம்புவார்கள். டிவி ஓடும்போது கேட்டும் கேட்காமலும் ஒரு கீச்சு விசில் வரும். பலராமன் கையை நீட்டுவதை ஜனங்கள் கைராசி என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த விசில் அவருக்குக் கேட்காது என்பதுதான் உண்மை.

பத்தொன்பது வருஷம் பஞ்சாலையில் தறி ஓட்டியவர் அவர். ஒரே கூரையின் கீழ் இருநூறு தறி அடிக்கிற இடத்தில் காது என்ன ஆகும்? பேச்சு கேட்கும். லாரி, மேளம், ஆம்பளைக் குரல் எல்லாம் நன்றாகவே கேட்கும். குக்கர் விசில், சைக்கிள் மணி, குருவிச் சத்தம் ஆகியவை மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருந்தன. எண்பத்து மூன்றில் ஆலை கதவடைத்தபோது, தபாலில் படித்து வைத்திருந்த ரேடியோப் படிப்பு கைகொடுத்தது. அவரோடு தறி ஓட்டிய முருகையன் வாட்ச்மேன் வேலைக்குப் போன இடத்தில், காது கொஞ்சம் மந்தம் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். மறுநாள் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு பலராமன் வாயைத் திறப்பாரா? வீட்டுக்காரி சின்னப்பாப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளும் மூச்சு விடவில்லை.

காஜியார் வீதியில் எலக்ட்ரானிக் கடை வைத்திருந்த ஹாஜாவோடு பழக்கம் டிவி மூலம்தான் வந்தது. ஹாஜா சுறுசுறுப்பான ஆள். எண்பத்தேழில் கம்ப்யூட்டர் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி மிஷின் ஆபீஸ்களுக்குத்தான் கட்டுப்படியாகும், நாம் உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவோம் என்றார். போர்டும் கார்டும் சிங்கப்பூர் போய்வருகிறவர்கள் பெட்டியில் வரும். கேபினெட்டைத் தட்டாஞ்சாவடியில் ஒரு தகரப் பட்டறையில் அளவு கொடுத்து அடித்துக்கொள்வார்கள். பூட்டுகிற வேலை பலராமனுடையது. ஒரு வருஷத்தில் ஐந்து மிஷின் ஓடவிட்டார். படம் வரவில்லை என்றால் முதலில் டிஸ்ப்ளே கார்டைப் பிடுங்கி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பக் குத்துவார். கடல்காற்றில் பற்கள் ஒரே மாதத்தில் கறுத்துவிடும் ஊர் இது. பத்துக்கு எட்டுத் தடவை அதிலேயே சரியாகிவிடும்.

ஆறாவது மிஷின் ஹாஜாவின் தங்கை சுரையாவுக்கு.

சுரையாவைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் ஒரு தோள்பட்டை எலும்பும் இரண்டு விரலும் முறிந்து வீட்டுக்கு வந்தாள். வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார்கள். அவளோ பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் டைப் அடிக்கத் தெரிந்தவள். கல்லூரிக்காரர்களின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே அடித்துக்கொடுத்து என் காலில் நின்று காட்டுகிறேன், நோன்புப் பெருநாள் வரைக்கும் விடுங்கள் என்று கேட்டாள். ஹாஜா மற்றவர்களிடம் மல்லுக்கட்டி அந்தக் கெடுவை வாங்கிக்கொடுத்தார். மிஷின் ஓடினால் அவள் இங்கே இருக்கலாம், ஓடாவிட்டால் காரைக்கால். இது பலராமனுக்கும் தெரியும்.

அதனால்தான் கார்டு விஷயத்தில் அவர் அவ்வளவு மெனக்கெட்டார். கலர் கார்டில் எழுத்து கொரகொரவென்று இருக்கும், நாள் முழுக்கப் பார்த்தால் கண் போய்விடும். ஒற்றை நிறம் மட்டும் காட்டும் மோனோ கார்டில் எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும், தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும். ஆகவே மானிட்டர் மோனோதான் என்று முடிவு செய்தார். கார்டை மட்டும் இரண்டுக்கும் பொதுவானதாக எடுத்தார். பின்னால் அவள் கலர் மானிட்டர் வாங்கினால் உதவுமே என்ற நல்லெண்ணம். அந்தக் கார்டின் பின்பக்கம், கேபினெட்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி, நகத்தால் தள்ளக்கூடிய சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மோனோ, மறுபக்கம் கலர். மோனோ மானிட்டரை மாட்டிவிட்டுச் சுவிட்சைக் கலரில் வைத்தால், வேகம் ஒவ்வாமல் மானிட்டர் கீச்சிட்டுக்கொண்டே சூடேறும்.

மேசைமேல் விரித்துப் போட்டுப் பூட்டிப் பார்த்தபோது படம் பளிச்சென்று வந்தது. கேபினெட்டில் ஏற்றும்போதுதான் வம்பு. பட்டறைக்காரன் பின்பக்கத் துளையை ஒரு நூல் குறைத்து வெட்டியிருந்தான். கார்டு உட்காரவில்லை. பலராமன் அரத்தால் ராவினார், சாய்த்துப் பார்த்தார், கடைசியில் கட்டைவிரலால் ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். கார்டு உட்கார்ந்தது. தகர விளிம்பு உரசியதில் சுவிட்ச் கலர் பக்கம் நகர்ந்துவிட்டது. அதை அவர் பார்க்கவில்லை.

மிஷினைப் போட்டால் எழுத்து மங்கலாக, சாய்ந்துகொண்டு வந்தது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கார்டைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். பலராமன் டிவிக்காரர். டிவியில் படம் சாய்ந்தால் பின்னால் இருக்கும் ஹோல்ட் என்ற குமிழைத் திருகி நிமிர்த்துவார்கள். இங்கேயும் மானிட்டரின் ஹோல்டைத் திருகினார், எழுத்து நிமிர்ந்தது. வெளிச்சத்தைக் கூட்டினார், மங்கலும் போயிற்று. எழுத்து கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் இருந்தது. அதையாவது பார்த்து யோசித்திருக்க வேண்டாமா அந்த மனுஷன்? கேபினெட்டில் ஏற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தார்.

சுரையாதான் முகத்தைச் சுளித்தாள். "அண்ணே, என்னமோ கீச்சுன்னு கத்துதே. மேசை மேல வச்சிருந்தப்ப கத்தலையே."

கனமான குரல்காரி, அவள் பேசியது தெளிவாகக் கேட்டது. கத்துவதுதான் கேட்கவில்லை. பலராமன் தலையைச் சாய்த்து, கேட்கிற மாதிரி இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு புறங்கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினார். மயிர் விறைத்து நின்றது.

"எல்லா டிவியும் அப்படித்தாம்மா கத்தும். போகப் போகப் பழகிடும்."

இரண்டு நாள் கழித்து மறுபடி ஆள் விட்டாள், சத்தம் தலைவலியாக இருக்கிறது, பெட்டியும் சுடுகிறது என்று. பலராமன் வந்து மறுபடி கையை நீட்டிப் பார்த்து, முதல் மாதம் அப்படித்தான் சுடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது பொய் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னோம் என்பது மட்டும் தெரியும். வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது என்று பின்னாளில் சின்னப்பாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

பதினோராம் நாள், மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம். சுரையா அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் மானிட்டர் பற்றிக்கொண்டது. ஜன்னல் சீலையில் பிடித்து, மேசையில் இருந்த தாள்கட்டுக்கு வந்தது. ஒரு பேராசிரியர் ஆறு வருஷம் கையால் எழுதிய ஆய்வேடு, வேறு பிரதி கிடையாது. அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையால் தாள்களை அணைக்கப் பார்த்தாள். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. தாள்களில் பாதிகூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் பலராமன் போனபோது வீடு புகை நாற்றம் அடித்தது. ஹாஜா கரி படிந்த கேபினெட்டைத் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"கலர்ல இருக்கு பாருங்க. அதான் எரிஞ்சிருக்கு. நீ எதுக்கு இதத் தொட்டே?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் தொடவில்லை என்றாள். முதல் நாளிலிருந்தே கத்தியது, பலராமண்ணனிடம் இரண்டு தடவை சொன்னேன் என்றாள்.

"மொத நாளே கத்தியிருந்தா அவரு விட்டிருப்பாரா? அவரு காதுல விழாதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். சுரையா அவரைப் பார்த்தாள். பலராமன் கேபினெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது கேட்காத மெக்கானிக்கை எவன் வீட்டுக்குள் விடுவான், முருகையன் கதிதான் நமக்கும் என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லித் தொலையுங்கள், என்ன ஆனாலும் நான் வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று சின்னப்பாப்பா கடைசியில் அதட்டினாள். நாலாம் நாள் காலையில் காஜியார் வீதிக்குப் போனார். வாசல் நடையில் ஒரு டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. காரைக்காலுக்குத் தகவல் போய்விட்டது, பதினொரு மணி பஸ்சுக்கு அழைத்துப் போகப்போவதாக ஹாஜா சொன்னார். பெரியவர்களிடம் பேச இனி தனக்கு வாய் இல்லை என்றார்.

பலராமன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தறி ஷெட், காது, புறங்கை, கட்டைவிரலால் அமுக்கியது, ஹோல்டைத் திருகியது எல்லாம். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல பாய். சுவிட்ச நகர்த்துனது நான்தான். கத்துனது எனக்குக் கேக்கல."

ஹாஜா அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில், "டீ சொல்லட்டுமாண்ணே?" என்றார்.

"வேணாம் பாய்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஹாஜா திரும்பினார், முகத்தில் கோபம் இல்லை.

"பேச்சு கேக்கும் பாய். அந்த விசிலுதான் கேக்காது."

"விசிலு மட்டும் கேக்காதா? அஞ்சு வருஷமா எத்தன டிவி பாத்திருப்பீங்க, ஒரு நாளு கேக்கலைன்னு சொல்லியிருப்பீங்களா?" ஹாஜா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு நல்ல மனசுண்ணே. எங்க வீட்டுப் பொண்ணுக்காக உங்க பொழப்பையே கெடுத்துக்கப் பாக்குறீங்க. அது வேணாம். அடுத்த வாரம் ஒரு டாக்டர் வீட்டுக்கு மிஷின் இருக்கு, நீங்கதான் பூட்டணும்."

பலராமன் சத்தியம் செய்தார். சின்னப்பாப்பாவை அழைத்துவந்து சொல்லச் சொல்கிறேன் என்றார். பெண்டாட்டி புருஷனுக்குத்தானே பேசுவாள் என்று ஹாஜா சிரித்தார். ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டு அதை நம்பச் சொல்லிக் கெஞ்சுவதைப் போல ஒரு கேவலம் வேறு இல்லை.

உள்கதவு ஓரத்தில் சுரையா நின்றிருந்தாள். துப்பட்டி போட்டுக் கிளம்பத் தயாராக இருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"ரெண்டாம் தடவ வந்தீங்களே, அப்பவும் கேக்கலையாண்ணே?" என்று கேட்டாள்.

"கேக்கலம்மா."

அவள் நம்பினாள். அந்த வீட்டில் அவரை நம்பியது அவள் ஒருத்திதான். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா நானே ஆஃப் பண்ணியிருப்பேன்," என்றாள்.

ஹாஜா நேரமாகிறது என்றார். அவள் இடது கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.