முள்ளம்பன்றிகளுக்குச் சோறு போட்ட வருடம்

தோற்கிற அணியின் மைதானத்தில் சாப்பாட்டுக்கடை போடுவது ஒரு தனித் தொழில். சிரித்துக்கொண்டு விற்றால் நக்கலா என்று கேட்பார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விற்றால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள்.

கோயில் திருவிழாவில் கடை போட்ட அன்று பார்த்து மழை பெய்து நனைந்தவர்களே, கலியாணத்துக்குச் சமைத்து முடித்த பிறகு மாப்பிள்ளை மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் வதனி. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பேலில், ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் பல வருடம் கோப்பை கழுவினேன். ஆள் குறைந்த நாட்களில் இறைச்சி வைத்துப் பொரிக்கிற ரோல்ஸும் சுற்றுவேன். எங்கள் பிள்ளையார் கோயில் தேர்த்திருவிழா அன்று அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்காரர் என் மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டு உள்ளுக்கே வந்துவிட்டார். பெயர் பெர்னார். ஒரு தொழில்முறை அணியின் தலைவராம். ஒபர்வில்லியே பக்கத்து மைதானத்தில் ஒரு பருவம் முழுக்க நீ கடை போடுகிறாயா என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓம் என்றேன். வேலையை விட்டுப் போகும்போது உணவக முதலாளிக்கு என் மனதில் இருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனேன். ஆகையால் திரும்பிப் போக வழியில்லை. கடை நிலைத்தால் எனக்கு வாழ்வு, இல்லையென்றால் வேறு யாருடைய கோப்பையாவது கழுவவேண்டும்.

கூட்டுக்கு எலிசபெத் அக்கா வந்தா. மன்னாரைச் சேர்ந்தவ. கந்தோர்களில் மேசை துடைத்துத் துப்புரவாக்கும் வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்த ஒரே ஆள்.

காலால் தொடாத பந்து

பெர்னார் சொன்னபோது "ஃபுட்" என்பது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது, இங்கே உதைபந்தாட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். அதோடு "அமெரிக்க" என்றும் ஒரு சொல் வந்தது. காசு போடுகிறவர் அமெரிக்கராக்கும் என்று நான் விட்டுவிட்டேன். லா ஷப்பேல் முழுக்க, நான் பெரிய உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கடை போடுகிறேன் என்று பரப்பியாயிற்று. செவ்ரானில் இருக்கும் என் மச்சாள் பிள்ளைகளுக்குக் கையெழுத்து வாங்கித் தரச்சொல்லித் தொல்லை.

முதல் ஆட்டத்தன்று தோளில் தலையணை வைத்துக் கட்டியது மாதிரி, இரும்புக் கூண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இது உதைக்கிற பந்தில்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு எதிரியின் கோட்டைத் தாண்டினால் புள்ளி கிடைக்கிற அமெரிக்க ஆட்டம் என்று அப்போதுதான் விளங்கியது. அணியின் பெயர் முள்ளம்பன்றிகள். ஆளுக்கு ஆள் முட்டுவதும், குவியலாக விழுவதும், எழும்பி நின்று கூட்டம் போட்டுக் கதைப்பதுமாக நேரம் போனது. எனக்காக ஆர்ஜொந்தெயிலிருந்து ரயில் ஏறி வந்த தவம் அண்ணை, ஓய்வுபெற்ற மனிதர், நீண்ட நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கடைக்கு வந்து சொன்னார்:

"தங்கச்சி, இவங்கள் பந்தை எங்கையோ ஒளிச்சு வைச்சிட்டு அடிபடுறாங்கள். பந்து கிடைச்சாச் சொல்லு, அதுவரைக்கும் நான் இதிலை நிண்டு சாப்பிடுறன்."

போதும் என்று சொல்லத் தெரியாதவர்கள்

முதல் இரண்டு தோல்விகளுக்குப் பிறகு பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். பொடியளுக்குத் தெம்பில்லை, ஆட்டத்துக்கு முன் நல்ல சாப்பாடாகக் கொடுங்கள் என்றார். எங்களிடம் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா? சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி என்று இறக்கினோம்.

வினை எங்கே வந்தது என்றால் சோற்றுக் கோப்பையில். எங்கள் வீடுகளில் விருந்தாளியின் கோப்பை வெறுமையாகக் கிடந்தால் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? மறுபடி போடவேண்டும். அவர் கையை விரித்துக் கோப்பையை மூடி, ஐயோ போதும் என்று மன்றாடும்வரை போடவேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கோ, மடாம் போட்டதை மிச்சம் விட்டால் மரியாதையில்லை என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் வழித்துத் துடைத்தார்கள், நாங்கள் போட்டோம். அவர்கள் மறுபடி வழித்தார்கள், நாங்கள் மறுபடி போட்டோம். எலிசபெத் அக்கா கண் கலங்கி, பாவம் பிள்ளைகள் என்ன பசியில் கிடந்திருக்குதுகள் என்றா. கறிச்சட்டி காலியான பிறகுதான் இரண்டு பக்கமும் தப்பியது.

ஆட்டம் தொடங்கியபோது ஒருவராலும் குனிய முடியவில்லை. முன்வரிசையில் நின்று எதிரிகளை மறிப்பவன் மமடு. ஒபர்வில்லியேப் பொடியன், கதவுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைவான். முதல் தள்ளிலேயே சரிந்தவன் எழும்பவே இல்லை. மருத்துவர் பதறி ஓடினார். ஆட்டம் முடிந்த பிறகு நான் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவன் பிரெஞ்சில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"அவை என்னைத் தள்ளேல்லை மடாம். நானாத்தான் படுத்தனான், நல்ல சுகமா இருந்தது."

உறைப்பாக ஒன்று

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். வெயிலானாலும் கழுத்தில் முள்ளம்பன்றிச் சால்வை. தலையில் முள்ளு முள்ளாக ஒரு தொப்பி. தோல்வி உறுதியானதும் கடைக்கு வந்து, இருப்பதிலேயே உறைப்பான ரோல்ஸ் கேட்பார். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓட ஓட நின்று சாப்பிடுவார். உங்களுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் குறைத்துப் போடட்டா என்று ஒரு நாள் கேட்டேன்.

"குறைக்காதேங்கோ மடாம். அழுதது பந்தாலை எண்டு வீட்டிலை தெரிஞ்சா மனிசி அடுத்த முறை விடாது."

பஸ்ஸுக்குத் தேசிக்காய்

பருவம் பாதி போயிற்று, ஒரு வெற்றிகூட இல்லை. ஒரு சனிக்கிழமை பெர்னார் கடைக்கு வந்து, ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். அடுத்த வருடம் அணிக்குக் காசு போட அனுசரணையாளர் ஒருவர் இருக்கிறாராம். ஆனால் ஒரு ஆட்டமாவது வென்று காட்டவேண்டுமாம். வெல்லாவிட்டால் அடுத்த வருடம் அணியே இல்லை. அணி இல்லாத மைதானத்தில் ரோல்ஸ் யாருக்கு?

அன்றிலிருந்து சமையலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். அடுத்த ஆட்டம் வெளியூரில். பஸ் புறப்படும் இடத்துக்கு விடியவே போய், ஒருவருக்கும் தெரியாமல் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம். புது வாகனம் எடுத்தால் செய்வதுதானே. நல்ல பெரிய, சாறு நிறைந்த தேசிக்காயாகப் பார்த்து வைத்தது என் கெட்டித்தனம். பஸ் நகர்ந்தது, சத்தம் வந்தது, நாங்கள் கும்பிட்டோம். பஸ் நின்றது.

ட்ரைவர் இறங்கி, ஈரத்தைக் கண்டு, ஏதோ குழாய் வெடித்துவிட்டது என்று பஸ்ஸை எடுக்க மறுத்துவிட்டார். மெக்கானிக் வந்து சேர நேரமாயிற்று. நாங்கள் இருவரும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். மெக்கானிக் கீழே படுத்து, விரலால் தொட்டு, மணந்து, கடைசியில் நக்கியும் பார்த்தார். அணி பிந்திப் போய், உடம்பைச் சூடாக்க நேரமில்லாமல் தோற்றது. மெக்கானிக் எழும்பி ட்ரைவரிடம் சொன்னது இதுதான்:

"பஸ்ஸுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் சீனி போட்டாக் குடிக்கலாம்."

யார் எந்த இடத்தில் விளையாடுவது

தேசிக்காய் சரிவரவில்லை என்றால் அதற்கு மேல் நேர்த்திக்கடன்தான். அணி ஒரு ஆட்டம் வென்றால் அடுத்த தேருக்கு ஒரு மூட்டைத் தேங்காய் உடைக்கிறேன் என்று நான் பிள்ளையாரிடம் நேர்ந்தேன். எலிசபெத் அக்கா அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி கொளுத்தி, வென்றால் ஏழைகளுக்குப் பேக்கரியில் பாண் வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னா. அடுத்த ஆட்டத்துக்கு மெத்ரோ ரயிலில் போகும்போது இருவருக்கும் சின்ன வாக்குவாதம். வென்றால் அது யார் வெல்லவைத்ததென்று எப்படித் தெரியும், யாருடைய நேர்த்தியை முதலில் நிறைவேற்றுவது என்று. கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம்.

அன்றும் தோல்விதான். எங்கள் அணியினர் பந்தை நழுவவிட்ட ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தோம். எண்ணெய் காய்ந்து புகைந்தது. இதற்குள் ஆட்டத்தின் விதிகளைக் கரைத்துக் குடித்திருந்த தவம் அண்ணைதான் இடையில் வந்து தீர்த்து வைத்தார்:

"ஏன் சண்டை பிடிக்கிறியள்? பிள்ளையார் முன்வரிசையிலை நிண்டு மறிக்கட்டும். துலைஞ்ச சாமான் தேடுறது அந்தோனியாற்றை வேலை, விழுந்த பந்தை அவர் எடுக்கட்டும்."

கடைசி ஆட்டம்

கடைசி ஆட்டம், அந்த வருடம் ஒருவரிடமும் தோற்காத அணியோடு. மழை. மைதானத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். தவம் அண்ணை ஆர்ஜொந்தெயிலிருந்து ஒரு கூட்டத்தையே இழுத்து வந்திருந்தார், செவ்ரான் மச்சாளும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். விளையாட்டுப் பார்க்கவா, கொத்துரொட்டி சாப்பிடவா என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பி மைதானத்தைத்தான் பார்த்தார்கள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். முள்ளம்பன்றிகள் சின்ன வித்தியாசத்தில் பின்னால். பந்து எதிரிகளின் கையில். அதைப் பத்திரமாக வைத்திருந்தாலே அவர்களுக்குப் போதும். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். ரோல்ஸ் கேட்டவர்களுக்குக் கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். மமடு முட்டிய முட்டில் எதிரணிக்காரனின் கையிலிருந்து பந்து வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அதன் மேல் ஆளுக்கு ஆள் பாய, கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு எழும்பியவனும் மமடுதான். வாழ்நாளில் பந்தோடு ஓடி அறியாதவன். ஐஸ்பெட்டி படியிறங்கி வருவது மாதிரி அவன் ஓடினான். இரண்டு பேர் முதுகில் தொங்கினார்கள், ஒருவன் காலைப் பிடித்தான். எல்லாரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டுக்கு அங்கால் விழுந்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குக் கடை ஞாபகமே இல்லை. கரண்டியோடு வெளியே ஓடி, சால்வைக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவரும் அழுதார், உறைப்பில்லாமலே. எலிசபெத் அக்கா சேற்றில் முழங்காலில் நின்றா. பிள்ளைகள் வென்றுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சந்தோசம் பத்து வீட்டுக் கலியாணத்திலும் எனக்கு வந்ததில்லை.

பெர்னார் நனைந்தபடி வந்து இரண்டு பேருக்கும் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தார். அணி தப்பிவிட்டது, அனுசரணையாளர் இப்போதே தொலைபேசியில் சம்மதித்துவிட்டார் என்றார். நாங்கள் கும்பிட்டோம். அவர் தொண்டையைச் செருமினார். அனுசரணையாளர் ஒரு பர்கர் கம்பனியாம். மைதானத்துக்குள் இனி அவர்களுடைய சாப்பாடு மட்டும்தான் விற்கலாமாம், அது ஒப்பந்தமாம். தனக்கும் இப்போதுதான் சொன்னார்களாம். பாவி மனிதன், சொல்லிவிட்டு அவரும் அழுதார். மமடு சேற்றோடு வந்து, நான் பர்கர் தின்னமாட்டேன் என்று சத்தம் போட்டான். அதனால் என்ன ஆகும்? நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, யாரை ஏசுவது என்றுதான் தெரியவில்லை. எலிசபெத் அக்கா முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, என் தோளில் கையை வைத்து மெதுவாகச் சொன்னா:

"வெல்ல வேணும் எண்டு மட்டும்தானே கேட்டனாங்கள் பிள்ளை. கடை இருக்க வேணும் எண்டு பிள்ளையாரிட்டையும் அந்தோனியாரிட்டையும் ஒருத்தரும் சொல்லேல்லையே."

தோற்கிற அணியை நம்பிக் கடை போட்டவள் எப்படியாவது தப்பிக்கொள்ளலாம், அது வெல்லட்டும் என்று நேர்ந்தவள்தான் கடையையும் கொடுத்து, ஒரு மூட்டைத் தேங்காயையும் உடைக்கவேண்டும்.