முதலில் நின்ற இடம்

போன மாதம் ஓர் ஆட்டோவில் குழந்தை பிறந்தது. கையில் ஏந்தியது நான்தான்.

பக்கத்து வீட்டு நஸ்ரின் தலைப்பிரசவத்துக்காக நாகூரில் தன் வாப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். புகுந்த வீடு காரைக்கால். டாக்டரும் அங்கேதான். அரை மணி நேரப் பயணம்... ஆனால் நடுவில் எல்லை. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு.

மத்தியானம் வலி எடுத்தது. நஸ்ரினோடு அவள் உம்மாவும் நானும் செல்வத்தின் ஆட்டோவில் ஏறினோம். வாஞ்சூர் எல்லைப் பக்கம் குழந்தை வந்துவிட்டது. அழவில்லை.

"செல்வம், வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினார். துணியால் குழந்தையின் முதுகைத் தேய்த்தேன். பத்து விநாடியா, ஒரு நிமிடமா? தெரியவில்லை. பிறகு வீறிட்டு அழுதாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவளை என் மடியிலேயே வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் சண்டை ஆரம்பித்தது — குழந்தை எந்த ஊர்?

"எல்லைக்கு முன்னாடியே பொறந்துட்டா. நாகூர் புள்ள" என்றார் நஸ்ரினின் வாப்பா ஹமீது.

"காரைக்கால்னு பதிஞ்சா நாளைக்கு புதுச்சேரி கோட்டாவுல காலேஜ் சீட்டுக்கு உதவும் சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

டயப்பர் மாற்றவே இன்னும் யாருக்கும் சரியாக வரவில்லை. அதற்குள் காலேஜ் சீட்டு.

என்னைக் கேட்டார்கள். குழந்தை மூச்சு விடாமல் கிடக்கும்போது எந்த மாநிலம் என்றா பார்ப்பேன்?

காரைக்காலில் பிறப்புப் பதிவு கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் விதியைச் சொன்னார். ஓடும் வண்டியில் பிறந்தால், வண்டி முதலில் நின்ற இடம்தான் பிறந்த இடம். தகவல் சொல்ல வேண்டியது வண்டியை ஓட்டியவர்.

செல்வத்தைக் கூட்டி வந்தோம். நாகூர் பக்கம்தான் என்று சொல்வார் என ஹமீது பாய்க்கு நம்பிக்கை. செல்வமும் நாகூர்க்காரர், தினம் பாயின் டீக்கடையில்தான் டீ குடிப்பார்.

"எங்கண்ணே நிறுத்துனீங்க?" என்று கேட்டார் கவுண்டர் இளைஞர்.

செல்வம் ஹமீது பாயைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "எல்லை தாண்டிதாங்க."

"நிச்சயமா?"

"வேற எங்கயாச்சும்னா மறந்திருப்பேன். மொதல் பிராந்திக் கடை வாசல்லங்க. நாலஞ்சு பேரு உள்ளேருந்து எட்டிப் பாத்தாங்க."

புதுச்சேரிப் பக்கம் சரக்கு மலிவு, எல்லை தாண்டியதுமே கடைகள் ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் சாட்சி தேவையா? வரைபடத்தில்தான் மாநில எல்லை ஒரு மெல்லிய கோடு. வாஞ்சூரில் அதற்குப் பெயர்ப்பலகை, சீரியல் லைட், வாசலில் கூட்டம் எல்லாம் உண்டு.

ஹமீது பாய் வாழ்நாளில் அந்தக் கடைகள் பக்கம் திரும்பியும் பார்க்காத மனிதர். கவுண்டரில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"காரைக்கால்னே போட்டுக்குங்க தம்பி. கடை பேரு மட்டும் வேணாம்."