ரொட்டி மெஸ்ஸுக்குப் போனவர்

"பானி! தோடா பானி!" என்று மாவைப் பிசைந்துகொண்டே கத்துகிறார் சோலைமுத்து. அறையிலுள்ள ஐந்து பீகார்க்காரர்களில் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றும்போதே சோலைமுத்துவின் உச்சரிப்பைத் திருத்துகிறார். திருத்தியதை இவர் மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்க்கிறார்.

சிவகங்கைப் பக்கத்து ஆள், வயது நாற்பத்தாறு. துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறார். நான் அங்கேயே ஆபீஸில் இருக்கிறேன். தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் அறைக்கு ஒரு மெஸ். அறைக்காரர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். எட்டு வருடம் தமிழ் மெஸ்ஸில் சோறும் புளிக்குழம்புமாக இருந்தவர், போன வருடம் கேம்ப் பாஸிடம் கெஞ்சி இந்தி அறைக்கு மாறிவிட்டார். "சோத்த விட்டுட்டு ரொட்டிக்குப் போயிட்டாருண்ணே" என்று பழைய அறைக்காரர் விமல் இன்னும் பொருமுகிறார்.

எல்லாம் ஒரு 'அச்சா' செய்த வேலை. இந்தியில் யார் எதைச் சொன்னாலும், புரியாமலேயே 'அச்சா', அதாவது சரி, என்று சிரித்துத் தலையாட்டுவது இங்கே நம்மவர்களில் பாதிப்பேருக்கு உள்ள வியாதி, எனக்கும் இருந்தது. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பயிற்சிக்கு இவர் பெயர் வந்திருந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "உனக்குப் பதில் வேறொருவனைப் போடட்டுமா?" என்று இந்தியில் கேட்க, இவர் "அச்சா" என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தோடு பெயர் போயிற்று. இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பெட்டி தூக்குகிற மனிதருக்கு அந்த வண்டியின் இருக்கை எவ்வளவு பெரிய விஷயம்! "என் வாயாலயே வேணாம்னுட்டு வந்துருக்கேன் தம்பி" என்று என் மேஜை முன்னால் வந்து நின்றார். எனக்குப் பரிதாபத்தைவிடக் கோபம்தான் வந்தது.

அறை மாறியதிலிருந்து ஊரில் இருக்கும் மனைவி பூவாயியிடம் போனிலும் ஆபீஸில் என்னிடமும் பேசுவதோடு சரி, வேறு தமிழ் கிடையாது. உப்புக்கும் பாத்ரூமுக்கும் அறைக்காரர்களோடு இந்தியிலேயே மல்லுக்கு நிற்கிறார். "சண்ட போட்டாத்தேன் நாக்கு திரும்புது தம்பி. வயிறுதேன் இன்னும் ரொட்டிக்கு ஒத்துக்கிற மாட்டேங்குது" என்பார். லீவு நாளில் விமல் மீன்குழம்புக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை.

இந்த மாதம் பயிற்சிக்குப் புதுப் பட்டியல் போட்டார்கள். அதே சூப்பர்வைசர் ஆபீஸுக்கு இவரை அழைத்தார். "வயதாகிவிட்டதே, இளைய ஆளாகப் பார்க்கட்டுமா?" என்று இந்தியில் கேட்டார். சோலைமுத்துவின் தலை லேசாக ஆடத் தொடங்கியது. எனக்குத் திக்கென்றது.

"நஹி, பாய்," என்றார் இவர். வயதைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள், என் பெயரை எழுதுங்கள் என்று இந்தியிலேயே, தட்டுத்தடுமாறித்தான், சொல்லி முடித்தார். சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பட்டியலில் காலியாக இருந்த வரிமேல் சோலைமுத்து விரலை வைத்தார். சூப்பர்வைசர் அதை ஒட்டி இவர் பெயரை முழுக்க எழுதி முடித்த பிறகுதான் விரலை எடுத்தார். விரல் இருந்த இடத்தில் வியர்வை ஈரம். சட்டை நுனியை இழுத்து, எழுத்தில் படாமல், அதை மெதுவாக ஒற்றி எடுத்தார்.