அட்டைப்படத்தில் இல்லாதவள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைப்பவர் மணிமுத்து. பதினெட்டு வருட வேலை. புது மத்தாப்புக்கு ஆர்டர் வந்தால், கம்ப்யூட்டரில் கிடக்கும் சிரித்த முகங்களில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார். அது யார் பெற்ற பிள்ளை என்று அவரும் கேட்டதில்லை, பெட்டியை வாங்குகிறவனும் கேட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

கோயில் பொங்கல் கச்சேரிகளில் அவர் பாடுவதும் உண்டு. கூடப் பாடுபவள் வெம்பக்கோட்டை நாகஜோதி, பட்டாசு ஆலையில் லேபிள் ஒட்டியவள். ஆறு வருடத்துக்கு முன் நடந்த விபத்தில் அவளுடைய இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன தை மாதம் இருவரும் விருதுநகரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ‘வத்தல் மூட்டைக்காரரே’ என்ற ஜோடிப் பாட்டைப் பதிவு செய்தார்கள். எழுதியதும் மெட்டுப் போட்டதும் மணிமுத்துதான். ஆனாலும் பாட்டில் வரும் மிளகாய் வத்தல் வியாபாரி மாமனைக் கிண்டல் செய்து அவள் இழுத்த இழுப்பு இல்லையென்றால் அந்தப் பாட்டை நாய்கூடச் சீண்டியிருக்காது.

இணையத்தில் ஏற்ற ஓர் அட்டைப்படம் வேண்டியிருந்தது. நாகஜோதியின் போட்டோவைத் திரையில் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டு, கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் போடும் சிவத்த பெண்ணைத் தன் பக்கத்தில் நிறுத்தினார். பாட்டு ஓடட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஓடியது, சாதாரண ஓட்டமா? மூன்றாவது வாரம் பாட்டு ஆப்பின் தமிழ்ப் பட்டியலில் முதலிடம். டீக்கடை, மினிபஸ், கல்யாண மண்டபம் எல்லாம் அதுதான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. “அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க சார், மேடையில ரெண்டு பேரும் பாடணும்” என்றார்கள். அவர்கள் கேட்டது அட்டைப்படத்தில் இருந்த பெண்ணை. நாகஜோதி போன் போட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெம்பக்கோட்டைக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?”

“தப்புப் பண்ணிட்டேன் தாயி. ஒன் படத்தப் போடாம...”

“அந்தப் புள்ளைய எனக்குத் தெரியாதாண்ணே? எம்புட்டுப் பெட்டியில ஒட்டியிருப்பேன்!” சிரிக்கத்தான் செய்தாள். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

“இன்னைக்கே மாத்திர்றேன். கம்பெனிக்காரங்ககிட்டயும் உள்ளதச் சொல்லிர்றேன்.”

“வேண்டாம்ணே.” அவள் குரல் தணிந்தது. “எம்மக பள்ளிக்கூடத்துல ‘இது எங்கம்மா பாட்டு’ன்னு சொல்லியிருக்கா. பிள்ளைக போன்ல படத்தக் காட்டி, பொய்க்காரின்னு கேலி பண்ணிட்டாக. அழுதுக்கிட்டே வந்தா. அது நான் பாடுனது இல்ல, வேற யாரோன்னு சொல்லிட்டேன். அதோட விட்டுட்டா.”

கடைக்குப் போயிருந்த மகள் பிரீத்திகா அப்போதுதான் உள்ளே வந்தாள். பத்து வயசு. மணிமுத்துவால் பொறுக்கமுடியவில்லை.

“பாப்பா, அது ஒங்கம்மா பாடுனதுதான். நீ சொன்னது நெசம்.”

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. நாகஜோதி இல்லையென்று சொல்லவில்லை. பிரீத்திகா அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப எங்கம்மா படத்த ஏன் மாமா போடல?”

மணிமுத்து வாயைத் திறந்தார். நாகஜோதியையும் எதிரில் வைத்துக்கொண்டு அந்தக் காரணத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.