அவசரப் பட்டி

பெயிண்டருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வேலை செய்கிற இடத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. 'காயட்டும்' என்றால்தான் தெரியும். சுவருக்குப் பட்டி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அடுத்து என்ன என்று எவர் கேட்டாலும் பதில் அதுதான். மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அதையே சொல்லிவைத்தார். துணி ஏதும் காயப் போட்டிருக்கிறதா என்று அவர்கள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பட்டி என்பது வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பெயிண்டுக்கு அடியில் இழுக்கிற பூச்சு. அதில் அவசரம் ஆகாது என்று கூட வேலை செய்பவர்களிடம் ஓயாமல் சொல்வார்.

"தண்ணி போகப் போக, பொடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கப் பாக்கும். அடியில இருக்கறத சுவர் விடாது. மேல இருக்கறது சுருங்கணும்கும், கீழ இருக்கறது மாட்டேன்கும். அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல மாட்டினவன் கதிதான், கிழிஞ்சிரும். மெல்லிசா போட்டு மெதுவா காயவிட்டா பொழச்சுக்கும்."

இப்படிப் பேசுகிற மனிதரின் சொந்த வீட்டில், கட்டிலை ஒட்டிய சுவர் உப்புப் பூத்து, தலையணை மேல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! அவளை வயிற்றில் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் உறைத்தது. ஆளில்லாத கட்டிலைப் பார்க்கப் பிடிக்காமல் எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தார்.

வீட்டுக்குப் போனபின் இருமவே கூடாது, தையல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ அறை முழுக்கத் தூசி பறக்கும். ஆகவே அவள் வருவதற்குள் தேய்த்து, துடைத்து, முடித்தாக வேண்டும். இரண்டு மெல்லிய பூச்சுக்கு நாள் இருக்கிறது என்றுதான் நிதானமாக இருந்தார்.

மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மாவ இன்னிக்கே அனுப்பறாங்களாம். சாயங்காலம் வந்துருவோம்."

சந்தோஷத்தில் அவருக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம் ஓடியது, ஓடிய விதம்தான் சரியில்லை. இரண்டு தடவைக்கான பட்டியை ஒரேயடியாகக் குழைத்து அப்பினார். ஜன்னலைத் திறந்தார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். இதை இன்னொருவன் செய்திருந்தால் பட்டி இழுக்கிற தகட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி வீசியிருப்பார்.

காற்று நேராக அடித்த இடத்தில் முதல் கீறல் மயிரிழையாகத் தெரிந்தது. விரலை வைத்தார், விரலைத் தாண்டி அது நீண்டது. பக்கத்தில் இன்னொன்று கிளம்பி, வளைந்து வந்து, முதல் கீறலில் நேராக முட்டி நின்றது. ஃபேனை நிறுத்தினார். ஈரத்துணியால் ஒற்றினார். எதற்கும் அது மசியவில்லை. யார் வீடு, யார் வரப்போகிறார்கள் என்று பட்டிக்கு என்ன தெரியும்! கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிளந்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. இனி சுரண்டினாலும் தூசிதான். வாசலில் வண்டி வந்து நின்றது.

மகளின் தோளைப் பிடித்தபடி அவள் அறைக்குள் வந்தபோது, அவர் கைகளை விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் உடம்புக்கு ஒரு கதவைக்கூட மறைக்க முடியாது.

"தள்ளுங்க" என்றாள். பார்த்தாள். பெயிண்டர் பொண்டாட்டி ஆயிற்றே. "ஃபேன் போட்டீங்களா?"

"போட்டேன்."

"மொத்தமா அப்பிட்டீங்களா?"

"அப்பிட்டேன்."

"ஏம்ப்பா, உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் மகள்.

"தெரியும்" என்றார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நீ வர்றேன்னு கேட்டதும் நிதானமே போயிருச்சு. வெறும் கட்டில பாத்துப் பாத்து பயந்துட்டேன். நீ திரும்பி வரமாட்டியோன்னு."

அப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது; அதற்கும் வயிற்றைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மகள் அவளை மெல்லக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"என் தையல் ஆறுற வரைக்கும் அந்தச் சுவர் பக்கம் போகாதீங்க. அப்படியே கெடக்கட்டும். இங்க வந்து உக்காருங்க."

"கையெல்லாம் பட்டி. கழுவிட்டு வந்துர்றேன்."

அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அப்புறம் கழுவலாம். நான்தான் வந்துட்டேனே."