பெயர் கேட்காத குழாய்

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ஒரு கல்லூரி விழா. ஓவிய மாணவர்கள் கறுப்புத் திரை கட்டி, நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகியிருந்தார்கள். முகம் தெரியாதவரோடு மனம்விட்டுப் பேசலாம், பெயர் மட்டும் கேட்கக் கூடாது என்று அறிவிப்பு.

அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் குழாயில் சொன்னேன். மறுமுனையில் ஓர் ஆண்குரல் பொறுமையாகக் கேட்டது.

"சொந்த ஊர் எது சார்?"

சொன்னேன்.

"எந்தத் தெரு? அப்பாவைப் புதைச்சீங்களா, எரிச்சீங்களா?"

"பேர் கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்."

"பேரை யாரு சார் கேட்டா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தெருவைச் சொன்னேன். "ஓ" என்றார். அதன்பின் குழாயில் காற்றுச் சத்தம்தான் வந்தது.

வெளியே நின்ற மாணவி ஆவலோடு, "எப்படி இருந்துச்சு அங்கிள்?" என்றாள்.

"நல்லா வேலை செய்யுதும்மா" என்றேன்.